அடுத்த வாரம் என்னும் மந்திரம்



சென்ற மழைக்காலத்தில், தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் உள்ள உறவினர் இல்லத்தில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. வெளியே ஓயாத மழை. எதிரே இருந்த மலைமுகடு மூடுபனியில் மறைந்துவிட்டது. மின்விளக்கு வருவதும் போவதுமாக இருந்தது. லயத்து வீட்டின் உள்ளறையில் எண்பது வயது கடந்த அப்பத்தாவும், பத்தாம் வகுப்பில் படிக்கும் பேத்தியும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கைப்பேசியைத் தங்கள் முகங்களுக்கு நடுவே பிடித்தபடி அமர்ந்திருந்தனர்.

என்ன பார்க்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கறுப்பும் வெளுப்புமாய் ஓடும் ஊமைப்படம். ஒரு வீட்டில் வேலைக்காரியாக வந்து சேர்ந்திருக்கிறாள் ஒருத்தி. பகலில் பணிவோடு பணி செய்கிறாள்; இரவு வந்ததும் கொள்ளைக் கூட்டத்தின் கையாளாகி, அதே வீட்டில் பூனைபோல் நடக்கிறாள்.

“அவ நல்லவளா, கெட்டவளா பாப்பா?” என்று கேட்டார் அப்பத்தா.

“கெட்டவதான் அப்பத்தா. ஆனா எனக்கு அவளத்தான் புடிச்சிருக்கு” என்றாள் பேத்தி.

அந்த வேளையில் கைப்பேசியின் மின்கலம் தீர்ந்து, திரை இருண்டது. மின்சாரமும் இல்லை. “நாளைக்குப் பாப்போம்” என்று பேத்தி கம்பளியை உதறினாள். அப்பத்தாவுக்கு ஒரே சினம். “அந்தப் பயலுக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம நான் எப்படித் தூங்குறது?” என்றார்.

அவர் கேட்ட கேள்வி, நூறு ஆண்டுகளுக்கு முன்பு பாரிஸ் நகரத்துத் திரையரங்குகளின் வாயிலில் ஆயிரக்கணக்கான மக்கள் தமக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது 1915-16ஆம் ஆண்டுகளில் பிரான்சு நாட்டில் பத்துப் பகுதிகளாக வெளிவந்த ‘லே வாம்பிர்’ என்னும் தொடர்படம். அதைப் படைத்தவர் லூயி ஃபெயாட். போடிநாயக்கனூரில் பிறந்து மலை ஏறி வந்த ஒரு மூதாட்டியின் உறக்கத்தைக் கெடுக்கும் ஆற்றல் அந்தப் பழம்படத்துக்கு எங்கிருந்து வந்தது? இத்திங்கள் இதனையே எண்ணிப் பார்ப்போம்.

ஃபெயாட் 1873-இல் தென் பிரான்சில் உள்ள லுனெல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். கோமோன் என்னும் புகழ்பெற்ற படநிறுவனத்தில் சேர்ந்து, 1907-இல் அதன் கலைத்துறைத் தலைவரானார். 1925-இல் மறையும் வரையில் அவர் எடுத்த சிறியவும் பெரியவுமான படங்கள் அறுநூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவற்றை உலகம் மறந்துவிட்டது. மறவாமல் வைத்திருப்பவை சில தொடர்படங்களே. 1913-14இல் ஐந்து படங்களாக வந்த ‘ஃபாந்தோமாஸ்’, அதன்பின் ‘லே வாம்பிர்’, 1917-இல் பன்னிரண்டு பகுதிகளாக வந்த ‘ழூடெக்ஸ்’, 1919-இல் வந்த ‘தீ மின்’ ஆகியவை அவை.

ஃபாந்தோமாஸ் என்பவன் ஆயிரம் முகம் கொண்ட கொடியவன். இன்று மருத்துவனாக வருவான். நாளை பெருஞ்செல்வனாக வருவான். ழூவ் என்னும் துப்பறிவாளர் அவனைக் கைப்பிடியில் வைத்திருப்பதாக நாம் நம்பும் நொடியில் நழுவிவிடுவான். இது முதலில் நூலாக வந்தது. சூவெஸ்த்ர், ஆலேன் என்னும் இருவர் 1911 முதல் 1913 வரை திங்கள்தோறும் ஒரு புத்தகமாக முப்பத்திரண்டு புத்தகங்கள் எழுதிக் குவித்தனர். நம் நாட்டில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் துப்பறியும் நாவல்களால் நம் முன்னோரை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்த காலத்தை நினைத்துக்கொண்டால், அந்த வேகம் நமக்கு எளிதில் விளங்கும்.

‘லே வாம்பிர்’ என்பதில் இரத்தம் உறிஞ்சும் பேய் எதுவும் இல்லை. அஃது ஒரு கொள்ளைக் கூட்டத்தின் பெயர். அந்தக் கூட்டத்தின் உயிர்நாடி இர்மா வெப் என்னும் பெண். கேளிக்கை விடுதி ஒன்றின் சுவரொட்டியில் அவள் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுத்துகள் ஒவ்வொன்றாக இடம் மாறி, ‘வாம்பிர்’ என்னும் சொல்லாக நிற்கின்றன. சித்திரகவி பாடிய நம் புலவர்கள் கண்டால் மகிழ்ந்திருப்பார்கள். அந்த வேடத்தில் நடித்தவர் முசிதோரா என்னும் நடிகை.

இத்தொடர்படங்களின் கவர்ச்சிக்கு முதற்காரணம் ஒன்று சொல்வேன். ஃபெயாட் தம் வியப்புகளை வானுலகத்திலோ மாய மாளிகையிலோ வைக்கவில்லை. மக்கள் நாள்தோறும் நடக்கும் தெருவில் வைத்தார். ‘ஃபாந்தோமாஸ்’ படத்தில் ஒரு பெரும் துப்பாக்கிச் சண்டை, பாரிஸ் நகரத்தின் பெர்சிப் பகுதியில், மதுப்பீப்பாய்கள் அடுக்கிய துறையில் நடக்கிறது. ‘லே வாம்பிர்’ படத்தில் செய்தியாளன் ஒருவன் தன் வீட்டுச் சாளரத்தில் தலையை நீட்டுகிறான். கீழிருந்து வந்த சுருக்குக் கயிறு கழுத்தில் விழுந்து அவனைத் தெருவுக்கு இழுத்துவிடுகிறது. செல்வர் மாளிகையில் விருந்து நடக்கிறது. நறுமணம் போலப் பரவிய மயக்கப் புகையால் விருந்தினர் அனைவரும் சாய்ந்துவிட, அணிகலன்கள் மறைகின்றன. எல்லாம் மெய்யான தெரு, மெய்யான கூரை, மெய்யான படிக்கட்டு. படம் முடிந்து வீடு திரும்பியவன் தன் வீட்டுச் சாளரத்தையே ஐயத்தோடு நோக்கியிருப்பான் அன்றோ?

அக்காலத்தையும் மறத்தலாகாது. 1914-இல் தொடங்கிய பெரும்போர் பிரான்சின் இளைஞர்களை விழுங்கிக்கொண்டிருந்தது. நடிகர்கள் போர்முனைக்கு அழைக்கப்பட்டனர். ஃபெயாட்டும் சில திங்கள் படையில் இருந்து, உடல்நலக் குறைவால் திரும்பியவரே. எந்த வீட்டுக்கு எந்த நாளில் சாவுச் செய்தி வரும் என்று அறியாத மக்களுக்கு, அடுத்த பகுதி வரும் என்பது ஓர் உறுதியாக இருந்தது. ‘ழூடெக்ஸ்’ வாரம் ஒரு பகுதியாகத் திரைக்கு வந்தபோது, அதன் கதை நாளிதழிலும் உடன் தொடராக வந்தது. மக்கள் முதலில் படித்தார்கள், பின்னர் பார்த்தார்கள், பின்னர் பேசினார்கள். நம் தமிழகத்திலும் 1939-இல் ‘தியாகபூமி’ படம் உருவாகிவந்தபோதே, கல்கியின் கதை அப்படத்தின் காட்சிப் படங்களோடு ஆனந்த விகடனில் தொடராக வந்தது. தொடர்கதைக்காக அஞ்சற்காரரை எதிர்நோக்கி வாசலில் நின்ற தலைமுறைக்கு இந்தச் சுவையை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பிரெஞ்சுப் படத்துக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் உள்ள உறவு பலரும் எண்ணுவதைவிட நெருங்கியது. 1905-இல் துபோன் என்னும் பிரெஞ்சுக்காரர் படமெறியும் கருவியோடு இலங்கையிலும் தென்னாட்டிலும் சுற்றி வந்தார். திருச்சிராப்பள்ளியில் நோயுற்றார். அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரூபாய் திரட்டி வாங்கியவர், இரயில்வே அலுவலகத்தில் சிறு சம்பளத்தில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட். பணியை விட்டார், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார். 1906-இல் கோழிக்கோட்டுக் கடற்கரையில் பயாஸ்கோப் காட்டியவர் அவரே என்று கேரளத் திரைப்பட வரலாறு கூறுகிறது. பின்னர் பிரெஞ்சு நிறுவனமாகிய பாதேயின் கருவிகளை விற்பவராகவும் விளங்கினார். 1914-இல் கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான அரங்கத்தைக் கட்டினார். அச்சாலை இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் சித்தூரிலிருந்தும் துணி எடுக்கக் கோவைக்குச் செல்லும் நம் அன்பர்கள் எத்தனையோ முறை அத்தெருவைக் கடந்திருப்பார்கள்.

ஊமைப்படக் காலத்தில் எடி போலோ, எல்மோ லிங்கன் ஆகியோர் நடித்த அமெரிக்கத் தொடர்படங்கள் தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தன. திரையின் பக்கத்தில் ஒருவர் நின்று உரத்த குரலில் கதை சொல்வார். திரையில் தோன்றும் எழுத்து எந்த மொழியாயினும், அவர் வாயில் அது தமிழாகிவிடும். படத்துக்குக் குரல் இல்லாத குறையை ஊர் தன் குரலால் நிரப்பிக்கொண்டது.

பேசும்படம் வந்த பின்னும் அந்த முகமூடி மறையவில்லை. 1937-இல் வந்த ‘மின்னல்கொடி’ படத்தில் கே. டி. ருக்மிணி ஆணுடை அணிந்து கொள்ளைக்காரியாகத் தோன்றினார். முசிதோராவுக்குத் தமிழில் ஒரு தங்கை பிறந்தாள் எனலாம். அதன் பின்னர், நம் எல்லையிலிருந்து ஒருநாள் நடைத்தொலைவே உள்ள கோவையில், பட்சிராஜா நிறுவனத்தார் 1954-இல் ‘மலைக்கள்ளன்’ என்னும் படத்தை அளித்தனர். கதை நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையுடையது. திரைக்கதையும் உரையாடலும் மு. கருணாநிதி, இயக்கியவர் ஸ்ரீராமுலு நாயுடு, கதைத் தலைவன் எம். ஜி. இராமச்சந்திரன், தலைவி பானுமதி. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் அது. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் ஆகிய மொழிகளிலும் அக்கதை படமாகியது. அரசு தேடும் மலைக்கள்ளனும், ஊர் மதிக்கும் வணிகன் அப்துல் ரஹீமும் ஒருவனே என்பது அதன் உள்ளீடு.

இந்த உள்ளீட்டை ‘ழூடெக்ஸ்’ படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொள்ளையரைக் கவர்ச்சியாகக் காட்டுகிறது என்று ‘லே வாம்பிர்’ படத்தைப் பாரிஸ் காவல்துறை சில காலம் தடுத்து வைத்தது. எனவே அடுத்த தொடரில் ஃபெயாட் நீதிக்காகப் போராடும் தலைவனைப் படைத்தார். கறுப்பு மேலாடை, அகன்ற தொப்பி, ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளம், ஏழைகளை அழித்த வங்கிச் செல்வன்மேல் தீராப் பகை. ஒன்றைப் பார்த்து மற்றது பிறந்தது என்று நான் சொல்லவில்லை. நீதி நேர்வழியில் கிடைக்காத இடத்திலெல்லாம் மக்கள் முகமூடி அணிந்த ஒருவனைக் கனவு காண்கிறார்கள் என்றே சொல்கிறேன். கங்காணிக் காலத்து லயங்களில் அந்தக் கனவு எத்தனை நெஞ்சங்களைத் தூங்க வைத்திருக்கும்!

நம் அப்பத்தா ‘மலைக்கள்ளன்’ பார்த்தது பதினொரு வயதில். டூரிங் கொட்டகையில் மணலை மேடாகக் குவித்து, அதன்மேல் அமர்ந்து பார்த்தாராம். முன்னால் இருந்தவர் தலை மறைத்தபோது இன்னும் இரண்டு கை மணல் சேர்த்துக்கொண்டாராம். அக்காலத்தில் பாலக்காடு சென்னை மாநிலத்தில் இருந்தது; தேவிகுளம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. 1956-இல் கோடுகள் மாறின. திருமணமாகி மலை ஏறிய அப்பத்தாவோ, கொழுந்துக் கூடையைத் தோளில் மாட்டியவர் மாட்டியவரே. கூடையை இறக்கி வைத்தபோது முதுமை வந்திருந்தது.

இத்தனையும் புகழ்ந்தேன் என்பதற்காகக் குறையை மறைக்க வேண்டியதில்லை. அத்தொடர்படங்கள் ஐரோப்பிய ஆதிக்கக் காலத்தின் பிள்ளைகள். ‘தீ மின்’ படத்தில் இந்தோசீனப் பெண் ஒருத்தி தலைவி. அவளை மறதி மருந்து ஊட்டி வருத்தும் கூட்டத்தில் கிஸ்ட்னா என்னும் இந்தியன் ஒருவனும் இருக்கிறான். கண்ணன் பெயரையே கயவனுக்குச் சூட்டி, கீழ்நாட்டான் என்றால் சூழ்ச்சிக்காரன் என்று காட்டினார்கள். பிள்ளைகளோடு பார்க்கும்போது இதனையும் எடுத்துச் சொல்ல வேண்டும். பழமை என்பதால் குற்றம் குணமாகிவிடாது.

ஆயினும் ஒரு செயலில் பிரெஞ்சு மக்களை நாம் ஆசானாகக் கொள்ளத் தகும். அவர்கள் தங்கள் பழம்படங்களைக் காத்தார்கள். 1936-இல் ஆன்றி லாங்லுவாவும் நண்பர்களும் ‘சினெமாதெக்’ என்னும் படக்காப்பகத்தை நிறுவினர். இர்மா வெப்பாக நடித்த முசிதோராவே தம் முதுமையில், 1957-இல் மறையும் வரையில், அக்காப்பகத்தில் பணிபுரிந்தார். அவர்கள் காத்ததனால்தான் 1963-இல் ஃபிரான்ழு என்பவர் ‘ழூடெக்ஸ்’ கதையை மீண்டும் படமாக்கினார். 1996-இலும் 2022-இலும் அசாயாஸ் என்பவர் இர்மா வெப்பின் பெயராலேயே புதுப் படைப்புகள் தந்தார். மழைநாளில் நம் பேத்தி அதனைக் கைப்பேசியில் கண்டெடுத்தாள்.

நம் நிலை என்ன? நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த, தென்னாட்டின் முதல் ஊமைப்படமாகிய ‘கீசகவதம்’ இன்று இல்லை. அகத்தீசுவரத்துத் தமிழரான ஜே. சி. டேனியல் எடுத்த, மலையாளத்தின் முதற்படமாகிய ‘விகதகுமாரன்’ இன்று இல்லை. 1933-இல் வந்த ‘மார்த்தாண்ட வர்மா’ போல ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்தன. மலையாளத் திரையின் தந்தை தமிழ்மண்ணில் பிறந்தார். தமிழ்த்திரையின் பெருந்தலைவர் எம். ஜி. ஆரின் குடும்பவேர் பாலக்காட்டு வடவன்னூரில் இருந்தது. கலைக்கு இல்லாத எல்லைக்கோடு நமக்கு மட்டும் ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் படங்கள் போனபின் கேட்டு என்ன பயன்?

படங்கள் போயின, பார்த்த கண்கள் இன்னும் சில உள. இதுவே இத்திங்கள் நான் சொல்ல வந்த செய்தி.

அந்த மழை இரவில் நான் கண்ட ஒன்றை இன்னும் சொல்லவில்லை. பேத்தி மலையாள வழியில் படிப்பவள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அப்பத்தாவுக்குத் தட்டுத் தடுமாறித் தமிழ் படிக்க வரும். மலையாள எழுத்து அறியார். ஒரே கூரையின்கீழ் வாழும் அவ்விருவரும் சேர்ந்து படிக்கத்தக்க எழுத்து ஒன்றுகூட இவ்வுலகில் இல்லை. எல்லைப்புறத்தில் இத்தகைய வீடுகள் எத்தனை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் ஊமைப்படத்தின் முன்னே அவர்கள் சரிநிகராக அமர்ந்திருந்தனர். இடையிடையே வந்த ஆங்கில எழுத்தைப் பேத்தி படித்து, பாதி மலையாளமும் பாதித் தமிழுமாகச் சொன்னாள். அப்பத்தா அதனை நல்ல தமிழாக்கித் திருப்பிச் சொன்னார். “போலீசு அல்ல பாப்பா, காவக்காரன்னு சொல்லு.” பழைய கொட்டகையில் திரைப்பக்கம் நின்று கதை சொன்னவரின் வேலையை அவர்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

எனவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். திங்கள்தோறும் கூடும் குடும்பக் கூட்டத்தில், கூட்டத்துக்கு ஒரு பகுதி வீதம் இத்தகைய தொடர்படம் ஒன்றைச் சுவரில் காட்டுவோம். ‘லே வாம்பிர்’ படத்தின் பகுதிகளில் சில கால்மணி நேரத்தில் முடியும். சில ஒரு மணியை நெருங்கும். பிள்ளைகள் எழுத்தைப் படிக்கட்டும். பெரியவர்கள் தமிழில் கதை சொல்லட்டும். கதை உச்சத்தில் நிற்கும்போது விளக்கைப் போட்டுவிடுவோம். எஞ்சிய பகுதிகள் கைப்பேசியில் உடனே கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காத்திருப்பதில் ஒரு சுவை உண்டு. ஊரோடு சேர்ந்து காத்திருப்பதில் இன்னும் பெருஞ்சுவை உண்டு. அதனைத் தனியே அமர்ந்து விரலால் தள்ளிப் பார்க்கும் பிள்ளைகள் அறியமாட்டார்கள். நாம்தான் காட்ட வேண்டும்.

படம் நின்ற பின் ஒரு பெரியவர் எழுந்து, தாம் கண்ட முதல் படத்தையும், அதைக் கண்ட கொட்டகையையும் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். முதலமடையிலோ வண்டிப்பெரியாற்றிலோ, எந்த ஊராயினும் சரி. ஓர் இளையவர் அதனை எழுதிக்கொள்ளட்டும். தமிழில் எழுத வராதெனில் மலையாளத்தில் எழுதட்டும், பெயர்த்துக்கொள்ளலாம். எழுதாமல் விட்டால் ‘கீசகவதம்’ போன வழியே அதுவும் போகும்.

மறுநாள் மின்சாரம் வந்தது. நான் ஊர் திரும்ப வேண்டிய நாள். பேருந்துக்குப் புறப்பட்டபோது, உள்ளறையில் இருந்து அப்பத்தாவின் குரல் கேட்டது: “பாப்பா, பள்ளிக்கூடம் விட்டு நேரா வந்துரு. நான் தனியாப் பாக்க மாட்டேன்.”

அடுத்த திங்கள் சந்திப்போம்.